காத்து வாங்குது

வேக்குவம் பேக் செய்த முந்திரிப் பாக்கெட்டைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். செங்கல் மாதிரி இருக்கும். ஒரு மூலையை நறுக்கினால் 'புஸ்' என்று மூச்சு விட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும். முந்திரி அதே முந்திரிதான். அதைச் செங்கலாக இறுக்கிப் பிடித்திருந்தது நம் தலைக்கு மேலே இருக்கிற காற்று. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஒரு சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு டன். நம்மை ஏன் நசுக்கவில்லை என்றால், உள்ளேயும் அதே காற்று அதே அழுத்தத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் வெளியே இருப்பது வேலையைக் காட்டும்.

இந்த ஓசி டன்னை வைத்து ஒரு கால் செய்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஜெயமங்கலம். பெரியகுளத்துக்குப் பக்கம். வராக நதி, நெல், வாழை, தென்னை. அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ. வலது கால் சூம்பிவிட்டது. முழங்காலை நேராக நிறுத்தச் சதையில் வலுவில்லை. சின்ன வயதில் இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் பூட்ஸுமாக ஒரு காலிப்பர் கொடுத்தார்கள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வெயிலில் அது கொதிக்கும், மழையில் தோல் நாறும். இருபது வயதில் கழற்றிப் பரணில் போட்டவள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையால் வலது தொடையை அழுத்தி, குனிந்து, ஒவ்வொரு அடியாக நடப்பாள். அப்படி நடப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கை நிரந்தரமாகத் தொடைக்கு எழுதிக்கொடுத்த கை. குடம் தூக்க, குழந்தை தூக்க இடது கை மட்டும். அவள் மகனை அப்படித்தான் வளர்த்தாள்.

அந்த மகன் ஏரோநாட்டிகல் படித்தான். படித்த எல்லோருக்கும் விமானமா கிடைக்கிறது? காற்றாலை இறக்கைகளை ரிப்பேர் செய்கிற வேலை கிடைத்தது. ஆண்டிபட்டிப் பக்கம் போனால் வரிசையாக நிற்குமே, அதேதான். கம்பம் கணவாய் வழியாக மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை அடிக்கிற காற்றுக்காக நட்டவை. அந்த இறக்கை இரும்பு இல்லை. கண்ணாடி நூலால் நெய்த துணி, அதை இறுக்கிப் பிடிக்கிற ரெசின், நடுவில் சில இடங்களில் தக்கை மாதிரி லேசான பால்சா மரம். பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. பையன் கயிற்றில் தொங்கிக்கொண்டு அதன் விரிசல்களுக்கு ஒட்டுப் போடுவான்.

2012 மே மாதம் லீவில் வந்தவன், "மாமா, அம்மாவுக்கு இதுலயே ஒரு கால் பண்ணலாம்னு இருக்கேன்" என்றான்.

அவனுக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது அப்துல் கலாம். கலாம் பல மேடைகளில் சொன்ன சம்பவம்தான். ஹைதராபாத்தில் ஏவுகணை வேலையில் இருந்தபோது நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவருடைய சோதனைச்சாலைக்கு வந்தார். அக்னி ஏவுகணைக்கான கலப்புப் பொருளைத் தூக்கிப் பார்த்து அதன் எடையின்மையில் அசந்துபோய், கலாமைத் தன் வார்டுக்கு அழைத்துப் போனார். அங்கே மூன்று கிலோவுக்கு மேல் இரும்பு மாட்டிக்கொண்டு கால்களை இழுத்து நடந்த குழந்தைகள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் காலிப்பர் செய்து கொண்டுபோனார்கள். தான் அடைந்த பெரிய ஆனந்தங்களில் ஒன்று அது என்பார் கலாம்.

இதன் சூட்சுமம் எளிது. பாதத்துக்கு அடியில் ஒரு தகடு, அது கணுக்காலைச் சுற்றி மேலே வந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் அணைத்துப் பிடிக்கும். காலை ஊன்றும்போது தரை திருப்பித் தள்ளுமே, அந்தத் தள்ளலே முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி மடங்காமல் நிறுத்தும். எல்லாக் காலுக்கும் இது ஒத்து வராது. பையன் முதலில் அக்காவை மதுரைக்கு அழைத்துப் போய், செயற்கைக் கால் செய்கிற ஒரு டெக்னீஷியனிடம் காட்டினான். அவர் பார்த்து, "இந்தக் காலுக்கு நிக்கும்" என்று சொல்லி, மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, அக்கா காலின் பிளாஸ்டர் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தார். அது மாமரத்தடியில் தனியாக நின்றபோது கோழிகள்கூட ஒதுங்கிப் போயின.

சாதாரணமாக ஃபைபர் வேலை என்றால் துணியை விரித்து, பிரஷ்ஷால் ரெசினைத் தடவி, அதன்மேல் இன்னொரு துணி. நம் கடற்கரைகளில் பார்க்கிற ஃபைபர் படகுகளில் பெரும்பாலானவை இப்படிச் செய்தவைதான். கையால் தடவினால் ரெசின் அதிகமாகிவிடும். வலு தருவது நூல்; ரெசின் பசை மட்டும். அதிகப் பசை அதிக எடை. உள்ளே காற்றுக் குமிழியும் தங்கும். படகு பொறுத்துக்கொள்ளும், கால் பொறுக்காது. அதனால்தான் வேக்குவம். உலர்ந்த துணியை அச்சின்மேல் அடுக்கி, மேலே காற்றுப் புகாத பையைப் போட்டு, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, இன்னொரு குழாயைத் திறந்தால், ரெசின் தானாகவே உள்ளே ஓடித் துணியை நனைக்கும். பம்ப் இழுக்கிறது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் வெளிக்காற்று தள்ளுகிறது. அமெரிக்காவில் 1950லேயே இந்த மாதிரி ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். செயற்கைக் கால் பட்டறைகளிலும் பழகிய வித்தைதான்.

ஜெயமங்கலத்தில் வேக்குவம் பம்புக்கு எங்கே போவது? பெரியகுளத்தில் ஏ.சி. மெக்கானிக்கிடம் இருந்தது. கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் குழாயைக் காலி செய்ய அவர்கள் வைத்திருப்பது. ஒரு நாள் வாடகைக்குக் கொடுத்தார், கேஜையும் சேர்த்து. ரெசின் ஓடிப் பரவுவதற்கு ஒரு வலை வேண்டும். நாற்றங்காலுக்குப் போடுகிற நிழல் வலை. பிறகு உரித்து எடுப்பதற்கு ஒரு நைலான் துணி. ஓரம் ஒட்டுவதற்குச் சூயிங்கம் மாதிரி ஒரு கறுப்பு டேப். பம்புக்கு முன்னால் ரெசின் பிடிக்க ஒரு ஊறுகாய் ஜாடி. கனமான ஜாடியாக, மூடியில் இரண்டு ஓட்டை போட்டு. அது இல்லாவிட்டால் மிச்ச ரெசின் பம்புக்குள் போய் இறுகி, மெக்கானிக்குக்கு நாம் புது பம்ப் வாங்கித் தர வேண்டியிருக்கும்.

முதலில் காலில் கை வைக்கவில்லை. ஜன்னல் கண்ணாடிமேல் மெழுகு தேய்த்து, ஒரு அடிக்கு ஒரு அடி சோதனைப் பலகை. அதுவே படுதோல்வி. மத்தியானம் மூன்று மணி வெயிலில் எபாக்ஸியைக் கலந்தான். டப்பாவில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று போட்டிருந்தது 25 டிகிரி கணக்கு. பத்து டிகிரி கூடினால் நேரம் பாதியாகும். ரெசின் பாதி தூரம்தான் போயிருக்கும், மக்கில் இருந்தது புகைய ஆரம்பித்து, மக்கே உருகிச் சாய்ந்தது. (இதைப் படித்துவிட்டு யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால்: கையுறை, முகமூடி, திறந்த வெளி. கலந்ததை ஒரே மக்கில் மொத்தமாக வைக்காதீர்கள்.)

இரண்டாவது எதிரி மின்சாரம். அந்த வருடத்து மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையைத் தாண்டிவிட்டால் ஒரு நாளில் கரண்ட் இருந்த நேரத்தை எண்ணுவதுதான் சுலபம். எபாக்ஸி இறுகும்வரை பல மணி நேரம் வேக்குவம் நிற்க வேண்டும். பம்ப் நின்றாலும் நிற்க வேண்டும் என்றால் ஒரே வழி, பையில் ஊசிமுனை ஓட்டைகூட இருக்கக் கூடாது. கிளாம்ப் போட்டுக் குழாயை அடைத்துவிட்டு, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை.

எங்கள் முள் 27லிருந்து பத்து நிமிஷத்தில் 19க்கு வந்து மல்லாந்தது. பையன் டேப்பை அழுத்தினான், மறுபடி அழுத்தினான். பையைப் பிரித்து மறுபடி ஒட்டினான். அதே கதை. இரண்டு நாள். சட்டென்று கோபம் வந்து எல்லாவற்றையும் உதைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டான்.

மச்சான் அதுவரை கயிற்றுக் கட்டிலில் படுத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷ விவசாயி. எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"காத்து வாங்குது, மாப்ள."

கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் சொல்கிற வார்த்தை. உறிஞ்சு குழாயில் எங்கேயோ நூல் அளவு ஓட்டை. தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது. ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால் சாணித் தண்ணீரைக் கரைத்து ஊற்றி அடைத்துவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் இதுவும் ஒரே பௌதிகம். கிணற்றிலும் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதனால்தான் மேலே வைத்த மோட்டாரால் 30 அடிக்கு மேல் ஆழமான தண்ணீரை எடுக்க முடிவதில்லை. மச்சானுக்குப் பாடமாகத் தெரியாது, காதுக்குத் தெரியும்.

சொட்டுநீர்க் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைப் பையின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரி. எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். அக்கா கிரைண்டரை நிறுத்தினாள். கணுக்கால் மடிப்புக்குக் கீழே ஓரிடத்தில் நின்றார். "இந்தா கீச்சுங்குது." பை சுருங்கி மடிந்த இடத்தில் டேப்புக்குள் ஒரு மெல்லிய சுருக்கம். அதன் வழியாக ஆகாயம் நுழைந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, சூடு ஏறுவதற்கு முன், உண்மையான கால். பிளாஸ்டர் மேல் உட்பை, அதன்மேல் கண்ணாடித் துணி, வலு வேண்டிய இடத்தில் கொஞ்சம் கார்பன் துணி, வெளிப்பை. ரெசின் மேலிருந்து இறங்க இறங்க வெள்ளைத் துணி ஈரமாகிக் கண்ணாடி போல ஆனது. எல்லோரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்குச் சரியாகக் கரண்ட் போனது. பம்ப் நின்றது. பையன் கிளாம்பைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். முள் 27. பத்து நிமிஷம். 27. மச்சான் ஒரு பீடி பற்ற வைக்கப் போனவர், ரெசின் டப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

கதை அதோடு முடியவில்லை. அது கணுக்காலில் உரசிப் புண்ணாக்கியது. மதுரைக்காரர் பார்த்துவிட்டு, ஓரங்களை வெட்டி, உள்ளே மெத்தை கொடுத்து, "ரெண்டாவது ஒண்ணு போடுங்க தம்பி, குதிகாலை இன்னும் கொஞ்சம் ஏத்தி" என்றார். இரண்டாவதைப் போட்டோம். பட்டையோடு சேர்த்து மளிகைக் கடைத் தராசில் 380 கிராம். கலாமுடையதைவிட 80 கிராம் அதிகம்.

அதை மாட்டிக்கொண்டு அக்கா முற்றத்தில் நடந்தபோதும் வலது கை தொடையிலேயேதான் இருந்தது. நாற்பது வருஷப் பழக்கம். மூன்று நாள் அப்படித்தான். நான்காம் நாள் சாயங்காலம் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தாள், இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீர். பாதி சிந்திவிட்டது. மச்சான் வாங்கப் போனார்.

"விடுங்க, நான் கொண்டுவாரேன்" என்றாள்.