குத்துக்கு ஒரு சிலந்தி

மன்னார்குடியிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். இறங்கி வாய்க்கால் கரையோடு அரை கிலோமீட்டர் நடந்தால் சம்பா வயல். இருட்டிவிட்டது. சேற்று வாடையும் தவளைச் சத்தமும்தான் துணை. மோட்டார் கொட்டகையில் 640 ரூபாய்க்கு வாங்கிய பூச்சிமருந்து பாட்டில் பிரிக்காமல் இருந்தது.

டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தேன். நெற்குத்துகளின் அடியில் பச்சைப் பொட்டுகள் மின்னின. எல்லாம் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள்.

"இந்த எட்டுக்கால் பூச்சி புகையானை மட்டுந்தான் திங்கும் தம்பி," என்றார் வயல்கார அண்ணன்.

வரப்பில் குந்தி உட்கார்ந்தேன். தண்ணீருக்கு இரண்டு விரல்கடை மேலே, தூரை ஒட்டி ஒரு சிலந்தி. உடம்பு ஒரு சென்டிமீட்டர் இருக்கும். வலை எதுவும் இல்லை. தண்டில் ஒரு புகையான், நெற்சாற்றை உறிஞ்சும் பூச்சி, இறங்கி வந்தது. கிட்டே வரும்வரை அசையாமல் இருந்த சிலந்தி, ஒரே பாய்ச்சலில் முன்னங்கால்களால் அதை அணைத்துக்கொண்டது. செரிமான நீரை விட்டுப் பிசைந்து, கரைந்ததை உறிஞ்சியது. கடைசியில் ஒரு கறுப்புச் சக்கை தண்ணீரில் விழுந்தது.

அடுத்த குத்தில் ஒன்று நீர்மேல் ஓடி ஈயைப் பிடித்தது. அதற்கடுத்து, பின்புறம் வெள்ளை முட்டைப்பையைச் சுமந்த தாய்ச் சிலந்தி தன் இனத்துக் குட்டியையே தின்றுகொண்டிருந்தது. செத்த புகையான் ஒன்றை வைக்கோல் நுனியால் இன்னொரு சிலந்தியின் முன்னே வைத்தேன், கண்டுகொள்ளவில்லை. லேசாக அசைத்ததும் பாய்ந்தது. அசைவதும் அடக்கக்கூடிய அளவில் இருப்பதும் போதும், அதற்கு இரைதான்.

இதுதான் உழவருக்கு லாபம். புகையான் வராத நாளிலும் ஈயையும் சேற்றுப் பூச்சியையும் தின்று சிலந்தி வயலிலேயே தங்குகிறது. புகையான் வந்தால் வேட்டைக்குத் தயார். ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரை வரை பிடிக்கும் என்கிறது பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். மருந்தடித்தால் வெளியே திரியும் சிலந்தி சாகிறது. இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பிக்கிறது. பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. இந்த அனுபவத்தால்தான் 1986-இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது.

தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு புகையான் என்றால் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. அண்ணனும் நானும் வரப்போரமாக எண்ணிக்கொண்டே போனோம். பெரும்பாலான குத்துகளில் சிலந்தி இருந்தது. தூருக்கு ஒரு புகையான்கூடத் தேறவில்லை. பாட்டிலைப் பிரிக்க இப்போது அவசியமே இல்லை.