தலைக்கறியால் தலைநிமிர்ந்த கடை!

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலிருந்து வடக்கே சுமார் 80 கி.மீ. போனால் ஏஞ்சலஸ் நகரம். அங்கே பழைய ரயில் பாதையோரம் இருக்கிறது 'ஆலிங் லூசிங்' கடை. 1974-ல் லூசியா குனானன் என்ற பெண்மணி தொடங்கியது.

பக்கத்தில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளமான கிளார்க்கில் பன்றித் தலையைச் சமைக்க மாட்டார்கள். அதனால் மலிவாகக் கிடைத்தது. காதையும் கன்னத்தையும் வேகவைத்து, கரி அடுப்பில் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், ஈரல் சேர்த்தார் லூசியா. அதுதான் 'சிசிக்'! சூடான இரும்புத் தட்டில் 'சுர்ர்...' என்று மேஜைக்கு வரும். கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையைப் பிழிந்து, சோற்றோடு சாப்பிட வேண்டியதுதான்.

2008-ல் லூசியா மறைந்தார். குடும்பத்தினர் அடுப்பை அணையவிடவில்லை. ஒருகாலத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய தலைக்கறி. அதில் பிறந்த சிசிக்கை 2017-ல் தன் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது ஏஞ்சலஸ் நகரம்!