23 வயதில் ஓய்வு

எமது ஆசிரியர் அறையில் ஓய்வு என்றால் 60 வயது, பென்ஷன் பைல், வலயக் கல்வி அலுவலகத்துக்கு நாலைந்து நடை. ஆனால் தரம் 10 பொடியன்கள் வாயோயாமல் பேசும் ஒருவர் 23 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். "ஷ்ரவுட் மாதிரி வந்தால் போதும் சேர்" என்கிறார்கள். வாப்பாமாருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆகவே நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து அவரைப் பற்றித் தேடி வாசித்தோம்.

மைக்கேல் கிரெசிக், 1994இல் பிறந்த கனடாக்காரர். கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினி விளையாட்டில் 2014 முதல் கிளவுட்9 அணிக்கு ஆடினார். அது துப்பாக்கி விளையாட்டு. அதில் எமக்குள்ள ஆட்சேபணையை இன்னொரு நாள் எழுதுவோம். அணிக்கு ஐந்து பேர். ஒருவன் எந்த மூலையைப் பார்ப்பான், மற்றவன் எப்போது உள்ளே பாய்வான் என்பதெல்லாம் முன்கூட்டியே பழகி வைத்த விஷயம். 2016 ஒக்டோபரில் பிரேசிலின் சாவ் பாவுலோவில் அவரது அணி ஒரு பெரிய சர்வதேசக் கிண்ணத்தை வென்றது.

எமது பொடியன்கள் சொல்லாத பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. 2017 ஆகஸ்டில் அவர் ஆடும் ஐவரிலிருந்து விலகி மாற்று வீரரானார். நேரலையில் விளையாடிக் காட்டுவதே முழுநேர வேலையாயிற்று. ஐந்து மாதம்தான் போனது. 2018 ஜனவரியில் பொஸ்டன் நகரில், புதியவர்கள் இருவர் சேர்ந்த அதே கிளவுட்9, இந்த விளையாட்டின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான மேஜரை வென்றது. வட அமெரிக்க அணியொன்றுக்கு அந்தப் போட்டியில் அதுவே முதல் வெற்றி. கிண்ணத்தைத் தூக்கிய ஐவரில் அவர் இல்லை. அந்த ஏப்ரலில் அணியை விட்டே விலகினார்.

நேரலையில் மாதச் சம்பளம் கிடையாது. ட்விட்ச் தளத்தில் ஒரு ரசிகர் அந்தக் காலத்தில் மாதம் 4.99 டொலர் கட்டினால், வழமையாகப் பாதி தளத்துக்கே போய்விடும். அதோடு விளம்பரம், நன்கொடை. எல்லாவற்றுக்கும் முதலில் ஆள் வந்து பார்க்க வேண்டும். இவரைப் பார்க்க ஆள் வந்ததற்குக் காரணம், அணியில் பல வருடம் உழைத்துச் சேர்த்த கைத்திறன். பொடியன்கள் காண்பது அறுவடையை மட்டும்.

அந்த வயலும் அவருடையதல்ல. 2019 ஒக்டோபரில் மைக்ரோசொப்டின் மிக்ஸர் என்ற தளத்துக்கு மாறினார். (பெயரைக் கேட்டால் எமக்குத் தேத்தண்ணியோடு தின்னும் மிக்சர்தான் ஞாபகம் வரும்.) ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2020 ஜூலையில் மைக்ரோசொப்ட் அந்தக் கடையையே மூடிவிட்டது. ஆகஸ்டில் அவர் ட்விட்சுக்குத் திரும்பிய அன்று ஒரே நேரத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அவருக்குப் பெயர் இருந்தது, திரும்ப முடிந்தது. மிக்ஸரை நம்பி இருந்த சின்னச் சின்ன ஆட்களுக்கு அப்படி யார் காத்திருப்பார்கள்?

2022இல் 28 வயதில், வேலரன்ட் என்ற வேறு விளையாட்டில், சென்டினல்ஸ் அணிக்காக மீண்டும் போட்டிக்கு வந்தார். ஒரு தகுதிகாண் சுற்றோடு அணி வெளியேறியது. அவர் பழையபடி நேரலைக்கே போனார்.

"இதெல்லாம் வீண்வேலை" என்று பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். அவர் உழைத்தது உண்மை, சம்பாதித்ததும் உண்மை. பிள்ளை சிரித்துவிட்டு அடுத்த தடவை எம்மிடம் ஒன்றும் சொல்லாது. அதேநேரம் அமெரிக்காவில் பகல் என்றால் எமக்கு நள்ளிரவு. முதலாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளை நாங்கள் தினமும் காண்கிறோம், சாதாரண தரப் பரீட்சையும் தூரத்தில் இல்லை.

இன்று இரவு சாப்பாட்டில் இருக்கும்போது பிள்ளையிடம் யாருடைய லைவ் பார்க்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். ஷ்ரவுட் என்றால், பொஸ்டன் கிண்ணத்தை அவர் ஏன் தூக்கவில்லை என்றும் கேளுங்கள். கதை நீளும். போனை வாங்கி வைப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.