ஆச்சிக்கு ஒரு பேட்டரி கார்

கோல்ஃப் கார்ட்டுன்னு சொன்னா எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. பெரிய கோயில்கள்ல வயசானவங்கள ஏத்திட்டுப் போற பேட்டரி கார்னு சொல்லுங்க, தெரியும். அதுல ஒண்ண செகண்ட் ஹேண்ட்ல வாங்கணும்னு எங்கப்பா கிளம்பினாங்க. சங்கரன்கோவில்ல தறி ஓட்டுற மனுஷனுக்கு எதுக்குன்னு கேப்பீங்க.

ஆடி அமாவாசைக்கு எங்க குடும்பமே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும். ஆத்தங்கரையில குடில் போட்டு, அங்கேயே பொங்கி, ராத்திரி தங்கி வர்றதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே கேம்ப்பிங். முந்தியெல்லாம் வேன் குடில் பக்கம் வரைக்கும் போகும். இப்ப திருவிழா நாள்ல சொந்த வண்டிய மேல விடுறதில்ல. அகஸ்தியர்பட்டியில நிறுத்திட்டு அரசு பஸ்ல ஏறணும், இறங்கி நடக்கணும். போன வருஷம் ஆச்சி முட்டியப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க போயிட்டு வாங்கப்பா"ன்னு வீட்டுலயே இருந்துட்டாங்க. அப்பாவுக்கு அது உள்ளுக்குள்ள அறுத்துக்கிட்டே இருந்திருக்கு.

குத்தாலம் பக்கம் ஒரு ரிசார்ட்ல பழைய பேட்டரி கார் விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டதும், "நீ ட்ரிபிள்இ தானல, வந்து பாரு"ன்னு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க.

பெயின்ட் புதுசு, சீட் புதுசு. நீங்க அதப் பாக்காதீங்க. சீட்டத் தூக்குங்க. உள்ள 8 பேட்டரி, ஒவ்வொண்ணும் 6 வோல்ட், மொத்தம் 48. பழைய பேட்டரி கார்ல விலையே அதுக்குத்தான். மல்டிமீட்டர் வச்சேன், 50.3 வந்துச்சு. "ஃபுல் சார்ஜ் தம்பி"ன்னாரு விக்கிறவரு. அவரு சொன்னது பொய் இல்ல. ஆனா சார்ஜரை அப்பதான் கழட்டியிருந்தாங்க. கழட்டின சூட்டுல சாகக் கிடக்குற பேட்டரியும் நல்ல வோல்டேஜ் காட்டும். லோடு குடுத்தாதான் குட்டு உடையும்.

நாலு பேர ஏத்தி மேட்டுல ஓட்டச் சொல்லிட்டு, மீட்டரோட நான் பின்னால உக்காந்தேன். 50 இருந்தது 44.7-க்கு எறங்கிடுச்சு. ஒவ்வொண்ணா பாத்தா ஏழு பேட்டரி 5.8 பக்கம் நிக்குது, ஒண்ணு மட்டும் 4.1. மூடியத் திறந்து ஹைட்ரோமீட்டர் விட்டேன். மத்த செல்லெல்லாம் 1.26 ஒட்டி, அந்த பேட்டரியில ஒரு செல் 1.12. அந்த ஒண்ண மட்டும் மாத்தினாப் போதாதான்னு அப்பா கேட்டாங்க. போதாது. ஒரே வரிசையில பழசோட புதுச மாட்டினா, பழசோட சீக்கு புதுசயும் சீக்கிரம் இழுத்துரும். செட்டா மாத்தணும். அந்தக் காசுல பாதி வண்டி வாங்கிரலாம்.

அதோட விடல நான். டேப் வச்சு அளந்தேன். குட்டியானை தொட்டி சுமாரா ஏழு அடி, இது எட்டு அடிக்கு மேல. எப்படிக் கொண்டு போறது? ரோட்டுல ஓட்டிட்டும் போக முடியாது, ஆர்.சி. கிடையாது. அடைச்ச வளாகத்துக்குள்ள மட்டும் ஓடுற வண்டிக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல விலக்கு உண்டு, ரிசார்ட்டுக்குள்ள அது ஓடுறது அந்தக் கணக்குல. பேட்டரி வண்டிக்குப் பதிவு வேண்டாம்னு சொல்ற இன்னொரு விதி 250 வாட்டுக்குக் கீழ உள்ள சின்ன ஸ்கூட்டருக்குத்தான். ஆத்தங்கரையில சார்ஜ் போட பிளக் எங்க? முடியாதவங்களுக்குன்னு கேட்டா செக்போஸ்ட்ல விட்டுருவாங்கன்னு அப்பா நம்பினாங்க. புலிகள் காப்பகம்ப்பா அதுன்னேன்.

இவ்வளவும் பஸ் ஸ்டாண்டுல வச்சு, வைவாவுல சொல்ற மாதிரி ஒரே மூச்சுல சொன்னேன். அப்பா டீ கிளாஸ கீழ வச்சாங்க.

"எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்க. எங்கம்மா எப்படி வருவான்னு ஒரு கணக்கு சொல்லுல."

என்கிட்ட பதில் இல்ல. சங்கரன்கோவில் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல. அளந்ததுல ஒரு நம்பர் கூடத் தப்பில்ல. ஆனா அவங்க வண்டிய அளக்கவா என்னயக் கூட்டிட்டுப் போனாங்க? ஹாஸ்டலுக்கு வந்த பெறகும் அந்தக் கேள்வி விடல. ஒரு வாரம் கழிச்சு சித்தப்பா பசங்களுக்கு வரிசையா போன் போட்டேன்.

இந்த ஆடி அமாவாசைக்கு ஆச்சி பஸ்ல ஜன்னலோர சீட்டுல வந்தாங்க. இறங்குன எடத்துல வீட்டுலருந்து கொண்டு போன மர நாற்காலிய வச்சு, ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாங்க நாலு பேரு தூக்கினோம். மணல்ல ஒருத்தன் கால் புதைய, இன்னொருத்தன் செருப்பு அறுந்துச்சு. அப்பா முன்னால வழி விலக்கிட்டே போனாங்க, ஒரு தடவ கூடத் திரும்பிப் பாக்கல. குடில்ல எறக்கி வச்சதும் ஆச்சி சேலைய சரி பண்ணிட்டு சொன்னாங்க:

"பல்லக்கு நல்லாத்தாம்ல இருக்கு. நாலு பயலுக்கும் ஒரு கால் சேந்து வரல. அடுத்த வருஷம் நடந்து பழகிட்டு வாங்க."