குரல்வளைக்குச் சூடு: மருத்துவமும் மார்க்கமும்



அல்லாஹ் நமக்கு அளித்துள்ள அருட்கொடைகளுள் குரலைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாங்கும், கிராஅத்தும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் அலிஃப், பா, தாவும் அதன் வழியாகவே வெளிப்படுகின்றன. அது மங்கும்போதுதான் அதன் அருமை புலப்படுகிறது.

செங்கல்பட்டில் எங்கள் அத்தா நெடுங்காலமாக மக்தப் மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருகிறார்கள். முஅத்தின் ஊரில் இல்லாத நாள்களில் பாங்கும் அவர்களே சொல்வார்கள். சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பின் அவர்களுடைய குரல் கம்மத் தொடங்கியது. அதிமதுரமும் பனங்கற்கண்டும் சுக்குக் கஷாயமும் கொடுத்துப் பார்த்தோம். இரண்டு மாதங்கள் கழிந்தும் கம்மல் நீங்கவில்லை. குரல் நாணில் ஏதேனும் வளர்ச்சி இருக்கலாம் என்று அருகிலிருந்த மருத்துவர் ஐயுற்றார். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் உறக்கம் குறைந்தது. கத்தி வைத்தால் குரல் ஒரேயடியாகப் போய்விடுமோ என்பதே அத்தாவின் அச்சம்.

அப்போதுதான் சாச்சா ஒரு யோசனை சொன்னார்கள். மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஓர் ஆயுர்வேத மருத்துவர் அக்னிகர்மம் என்னும் சூட்டுச் சிகிச்சை செய்கிறார். தமது குதிகால் வலி அதனால் தீர்ந்தது. தொண்டைச் சதையையும் அவ்வாறே சுட்டுக் கரைத்துவிடலாம் என்றார்கள். கத்தியை விட நெருப்பு எளிதாகத் தோன்றிய விந்தையை என்னென்பது! "நெருப்பால் வைத்தியம் செய்வதை மார்க்கம் அனுமதிக்கிறதா?" என்று உம்மா மட்டும் கேட்டார்கள். அக்கேள்விக்கு விடை தேடியபடியே, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் சென்று அந்த மருத்துவரைக் கண்டோம்.

அவர் அத்தாவின் குரலைக் கேட்டார்; தொண்டையை விளக்கொளியில் பார்த்தார்; பின்னர் சூடு வைக்க மறுத்துவிட்டார். அவர் கூறிய விளக்கம் எங்கள் கண்களைத் திறந்தது. அக்னிகர்மத்தின் மூலநூலான சுசுருத சம்ஹிதை, சூத்திரஸ்தானத்தின் 12-ஆம் அத்தியாயத்தில் அதன் விதிகளை வகுத்துள்ளது. தோலுக்குத் திப்பிலி, ஆட்டுப் புழுக்கை முதலியன. தசைக்கு உலோகச் சலாகை. நரம்பு, மூட்டு, எலும்பு ஆகியவற்றுக்குத் தேன், வெல்லம், நெய் போன்றவை எனச் சூடேற்றும் பொருள்களே வேறுபடுகின்றன. பித்த உடலினர், சிறுவர், முதியோர், அஞ்சும் இயல்பினர் ஆகியோருக்குச் செய்யலாகாது. அவசரமின்றிக் கோடையில் செய்வதும் விலக்கப்பட்டுள்ளது. நாங்கள் சென்றதோ கத்திரி வெயில் காலம். அத்தாவோ அறுபதைக் கடந்தவர்கள்.

தொண்டைக்குள் நெருப்பு நுழையும் இடம் ஒன்றும் அந்நூலில் உண்டு என்றார். அரக்குத் துண்டு தொண்டையில் சிக்கினால், முதலில் ஒரு குழலைச் செலுத்தி, அதனுள்ளே காய்ச்சிய சலாகையை விட்டு, அரக்கு அதில் ஒட்டியதும் குளிர்ந்த நீர் ஊற்றி இறுகச் செய்து வெளியே எடுக்க வேண்டுமாம். அங்கே சூடு படுவது அரக்கின்மேல். சதையைக் காப்பதற்கே அந்தக் குழல்.

"கால் ஆணியையும் மருவையும் நான் கண்ணால் பார்த்துச் சுடுகிறேன். குரல் நாணை என்னால் பார்க்க இயலாது, பார்க்க இயலாததைச் சுட மாட்டேன்" என்று கூறி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு எங்களை அனுப்பிவைத்தார். உயிருள்ள மனிதரின் குரல் நாண்கள் அசைவதைத் தெளிவாகக் கண்டு விவரித்தவர் மனுவேல் கார்சியா என்ற இசை ஆசிரியர். 1854-இல் இரு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் தொண்டையையே அவர் பார்த்தார். பண்டைய மருத்துவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

உம்மாவின் கேள்விக்கும் விடை கிடைத்தது. தேன், இரத்தம் குத்தி எடுத்தல், நெருப்புச் சூடு ஆகிய மூன்றிலும் நிவாரணம் உண்டு என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், சூட்டிலிருந்து தம் சமுதாயத்தைத் தடுத்ததாக ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதே வேளை, அகழ்ப்போரில் அம்பு தைத்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு இரத்தத்தை நிறுத்த நபியவர்களே சூடிட்டதாக ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. தேவையின்றிச் சூடிடுவது வெறுக்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது ஆகும் என்று அறிஞர் பலர் இவற்றை இணைத்து விளக்கியுள்ளனர். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் ஹதீஸும் அபூதாவூதில் உண்டு.

நம் முன்னோர் இக்கலையை அறியாதவர்களும் அல்லர். அப்பாஸியர் காலப் பக்தாதில், அமைச்சர் யஹ்யா பின் காலித் அவர்களின் விருப்பப்படி, மன்கா என்ற இந்திய மருத்துவர் வாயிலாகச் சுசுருதரின் நூல் அரபுக்குச் சென்றது. பின்னர் அந்தலூசியாவில் அஸ்ஸஹ்ராவி தமது அறுவை மருத்துவ நூலைச் சூட்டுச் சிகிச்சையிலிருந்தே தொடங்கினார். உடற்கூறு அறியாதவர் அத்துறையில் கைவைக்கலாகாது என்றும் அவர் எச்சரித்துள்ளார். கடற்கரை மருத்துவர் எங்களிடம் சொன்னதும் ஏறத்தாழ அதுவேயாகும்.

மருத்துவமனையில் மெல்லிய குழாய்க் கருவியால் பார்த்தபோது, இரு நாண்களின் நடுவிலும் சிறு முடிச்சுகள் தெரிந்தன. மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு ஏறுவது போல, இடைவிடாது உரத்துப் பேசுவோருக்கு அங்கே காய்ப்பு ஏறுகிறது. ஆசிரியருக்கும், மீன் ஏலம் கூறுவோருக்கும், நம் ஹஜ்ரத்துகளுக்கும் இது வரக்கூடியதே. ஆண்களுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நீளமே உள்ள அந்நாண்கள், பேசும்போது நொடிக்கு 100 முறைக்கு மேல் அதிர்கின்றன. அவற்றின் மென்மையான மேற்படலத்தில் சூட்டுத் தழும்பு விழுந்தால் அதிர்வு கெட்டு, கம்மல் நிலைத்துவிடும். இன்று சில வளர்ச்சிகளை லேசர் கொண்டு அகற்றுகின்றனர், அதுவும் வெப்பம்தான். ஆயினும் மயக்க மருந்து கொடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, வேண்டிய இடத்தில் மட்டும் அது பாய்ச்சப்படுகிறது.

அத்தாவுக்குக் கத்தியும் தேவைப்படவில்லை, நெருப்பும் தேவைப்படவில்லை. சில நாள் மௌனம், போதிய தண்ணீர், கிசுகிசுத்துப் பேசாமை, பின்னர் வாரந்தோறும் குரல் பயிற்சி. மதரஸாவில் சிறு ஒலிபெருக்கி வைத்தோம். மாதங்கள் சில சென்றபின் சுப்ஹு பாங்கை மீண்டும் சொன்னார்கள், அல்ஹம்துலில்லாஹ். பழைய கம்பீரம் முழுதும் திரும்பவில்லை. ஆனால் தெளிவு திரும்பியது.

அன்பிற்குரியவர்களே! குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், எந்த வைத்தியத்தை நாடுவதற்கு முன்னும் குரல் நாணைப் பார்க்கச் செய்யுங்கள். எல்லா வளர்ச்சியும் காய்ப்பு அன்று. சில புற்றாகவும் இருக்கலாம். புகைப்பவர்கள் சற்றும் தாமதிக்கலாகாது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் அதையும் பெரும்பாலும் குணப்படுத்த இயலும். இன்னது என்று அறியாமல் சூடு வைப்பதில் இழக்கும் காலமே பெரிய இழப்பு. மருந்து தேடுவது சுன்னத்து. தகுதியானவரிடம் தேடுவது அமானிதம்.

குரல் தந்த ரஹ்மான், அதை நன்மைக்கே பயன்படுத்தும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.