செங்கலடிச் சந்தியும் பத்தடி வளையமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் சென்றால் செங்கலடிச் சந்தியை அடையலாம். மலைநாட்டிலிருந்து பதுளை வழியாக இறங்கிவரும் நெடுஞ்சாலை, இங்கேதான் கரையோர வீதியோடு கலக்கின்றது. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. நெல் மூடைகளும் தயிர்ச் சட்டிகளும் ஏறி இறங்கும் சந்தி இது. வடக்கே சிறிது தூரத்தில், வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கின்றது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமைக் காலையில், பத்து மாணவர்களுடன் இச்சந்தியில் பஸ் வண்டிக்காகக் காத்து நின்றேன். நகரத்தில் கூடைப்பந்தாட்டப் போட்டி. எதிரணியோ, இவ்வட்டாரத்தில் யாவரும் அஞ்சும் அணி. எங்கள் பிள்ளைகள் பழகுவது வெடிப்பு விழுந்த சீமெந்துத் தரையில். அதிலும் வளையம் ஒன்றே ஒன்றுதான்.

“அவங்கட உயரத்தப் பார்த்தீங்களா, சேர்? நாம வெல்லுவமா?” என்று கேட்டான் ஒருவன்.

“வளையம் அவங்களுக்கும் பத்தடி, நமக்கும் பத்தடிதான், மகன்” என்றேன்.

அந்தப் பத்தடிக்கு ஒரு கதை உண்டு. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக ஓர் ஆட்டத்தை வகுத்தார். மாடத்தில் இரண்டு பழக்கூடைகளை அறைந்தார். 13 விதிகளை எழுதினார். மாடம் இருந்த உயரம் பத்தடி. அவ்வுயரமே இன்றும் உலகெங்கும் நிலைத்திருக்கின்றது.

அவ்வாட்டத்தை வாவிக்கரைப் பிள்ளைகளிடையே வளர்த்தவர்களுள் முக்கியமானவர், யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளார். லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி; 1948இல் இலங்கைக்கு வந்தவர். திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரியிலும், மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் மாணவரைப் பயிற்றுவித்தார். கொழும்பு, கண்டி நகரங்களின் பெரிய கல்லூரிகள் கோலோச்சிய ஆட்டத்தில், கிழக்கின் பிள்ளைகளும் பெயர் பெறலாயினர். இன்று எங்களுக்கு மலையாய்த் தோன்றும் நகரத்து அணிகளும் அன்று மலைகளை அண்ணாந்து பார்த்தவையே.

இக்கதையைச் சொல்லி முடிக்குமுன் பஸ் ஏறாவூரை நெருங்கியது. நான் சற்று மௌனமானேன். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி, போர் மூண்டிருந்த நாளில், அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு இவ்வழியே இருசக்கர வண்டியில் புறப்பட்டார். உடன் ஓர் இளைஞரும் சென்றார். இருவரும் வீடு வந்து சேரவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டில் இவ்வீதியோர ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களுமாக இழந்த உயிர்கள் எத்தனையோ. அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வெறும் வெற்றிக் கதையாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போட்டி தொடங்கியது. இடைவேளையில் நாங்கள் 14 புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். பின்னர் எங்கள் பிள்ளைகள் உயரத்தோடு போட்டியிடுவதை விட்டனர். பந்தை விரைந்து கைமாற்றி ஓடினர். இடைவெளி ஒன்பதாயிற்று, ஐந்தாயிற்று, மூன்றாயிற்று. அரங்கில் இருந்தோர் எழுந்து நின்றனர். ஆனால் நேரம் முடிந்துவிட்டது. தோற்றோம்.

தலை கவிழ்ந்திருந்த எங்கள் மாணவனிடம், எதிரணியின் பயிற்றுநரான நரைத்த தலையர் ஒருவர் வந்தார். “உயரத்த வளர்க்க ஏலாது, மகன். நிக்கிற இடத்தப் பழகலாம்” என்று சொல்லி, பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது, நெட்டையனை முதுகால் மறித்து நிற்கும் முறையைத் தாமே நின்று காட்டினார். அடுத்த முறை அந்த வித்தை தம் அணிக்கு எதிராகவே வரும் என்பதை அவர் அறியாதவரல்லர்.

நான் நன்றி கூறியபோது, “எனக்கும் ஒராள் இப்படித்தான் காட்டித் தந்தார்” என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

மாலையில் செங்கலடிச் சந்தியில் இறங்கினோம். வீட்டுக்குப் போகுமுன் பிள்ளைகள் கேட்டது ஒன்றே: “திங்கட்கிழமை எத்தனை மணிக்கு, சேர்?”