தலைக்கு ஒரு சல்லடை

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு அளவு உண்டு. மலையிலிருந்து இறங்கிவரும் மூட்டை அவிழ்க்கப்பட்டதும் காய்கள் சல்லடையில் ஏறுகின்றன. எட்டு மில்லிமீட்டர் கண்ணில் தங்குவதற்கு ஒரு விலை, ஏழில் தங்குவதற்கு வேறு விலை. பெண்கள் வரிசையாக அமர்ந்து, வெடித்த காயையும் வெளுத்த காயையும் கையால் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். வாங்க வருகிறவர் ஒரு பிடி அள்ளிக் குலுக்குவார். தோலைப் பிளந்து அரிசியின் கருமையைப் பார்ப்பார். நாலு அரிசியை வாயிலிட்டுக் கடித்து, கண்ணை மூடி மணத்தை உள்ளே இழுப்பார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு. ஒரு காயின் பருமனில் ஒரு மில்லிமீட்டரைக்கூட விட்டுக்கொடுக்காத இந்த ஊரில் பிறந்து வளர்ந்த அண்ணன் தம்பி இருவர் நாங்கள். இக்கட்டுரையையும் இருவருமாகவே எழுதுகிறோம்.

எங்கள் சித்தப்பா அந்த வியாபாரத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். கடித்துப் பார்த்தே காய் எந்தச் சரிவில் விளைந்தது, உலர்த்தும்போது சூடு கூடிப்போயிற்றா என்று சொல்லிவிடுவார். அவருடைய மூக்கை நம்பி மற்றவர்கள் பணம் போட்டார்கள். அந்த மனிதர் தலைக்கவசம் வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். தமிழகத்தில் 2007 ஜூன் 1 முதல் தலைக்கவசம் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வாரத்தில் ஒரு மாலை, சாலையோரத்தில் குவித்து வைத்திருந்தவற்றிலிருந்து ஒன்றை எடுத்தார். போட்டுப் பார்க்கவில்லை. "கொஞ்சம் லூஸா இருந்தாத்தான் காத்து போகும்" என்றார். ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. அதன் பிறகு அது பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மீதே பயணம் செய்தது. முந்தல் சோதனைச் சாவடி கண்ணில் படும்போது மட்டும் தலைக்கு ஏறும்.

முந்தலைத் தாண்டினால் போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது மேலே மூடுபனி சாலையை விழுங்கியிருக்கும். 2014 ஆடி மாதத்தில் ஒருநாள், பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காய் பார்த்துவிட்டுச் சித்தப்பா இறங்கிக்கொண்டிருந்தார். அன்று தலைக்கவசம் தலையில்தான் இருந்தது, வாரும் மாட்டியிருந்தது. ஈரமான வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருந்திருக்காது என்று பின்னால் வந்த ஜீப்காரர் சொன்னார். கழுத்தில் நாலு விரல் நுழையும் அளவுக்குத் தொங்கிய வார், சித்தப்பாவின் தலை தரையைத் தொடும் முன்னரே கவசத்தைக் கழற்றி விட்டுவிட்டது. அது உருண்டுபோய்த் தடுப்புச்சுவர் ஓரத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தோம். அதில் ஒரு கீறல் இல்லை.

மதுரையில் மூன்று வாரம் மருத்துவமனை வாசம். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. பிழைத்துவிட்டார் என்று நாங்கள் ஆறுதல் கொண்டோம். மறு மாதம் கடைக்குப் போனவர் வழக்கம்போல் ஒரு காயைப் பிளந்து வாயிலிட்டார். வெகுநேரம் மென்றார். பிறகு இன்னொன்று. பிறகு வேறு மூட்டையிலிருந்து ஒன்று. "இதுல மணமே இல்லையேப்பா" என்று எங்களைப் பார்த்தார். கடை முழுவதும் ஏலக்காய் மணந்துகொண்டிருந்தது.

மருத்துவர் விளக்கினார். மூக்கின் மேற்கூரையில் சல்லடைபோல் துளைகளுள்ள மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. மணத்தை மூளைக்குக் கொண்டுசெல்லும் நுண்ணிய நரம்பிழைகள் அத்துளைகளின் வழியே மேலேறுகின்றன. பின்மண்டையில் பலமான அடி விழுந்து மூளை உள்ளே அசையும்போது அவ்விழைகள் அறுந்துபோகக்கூடும். சிலருக்கு மாதக்கணக்கில் ஓரளவு திரும்பும்; சிலருக்குத் திரும்புவதேயில்லை. சித்தப்பாவுக்குத் திரும்பவில்லை.

அந்த ஆண்டில்தான் நாங்கள் இருவரும் தலைக்கவசம் வாங்குவது எப்படி என்று கற்கத் தொடங்கினோம். முதலில் கற்றது வெட்கப்படத்தக்க அளவுக்கு எளியது: தலைக்கும் அளவு உண்டு. புருவத்துக்கு ஒரு விரல் மேலே நெற்றியைச் சுற்றி, பின்மண்டையின் மிகத் துருத்திய பகுதியைத் தொட்டுவருமாறு தையற்காரரின் நாடாவை ஓட்ட வேண்டும். எங்களில் மூத்தவனுக்கு அறுபது சென்டிமீட்டர், இளையவனுக்கு ஐம்பத்தேழு. அதுவரை நாங்கள் ஒரே கவசத்தை மாற்றி மாற்றி அணிந்துவந்தோம்.

அளவு மட்டும் போதாது, வடிவமும் உண்டு. மூத்தவனின் தலை முன்பின்னாக நீண்டது, இளையவனுடையது உருண்டை. அளவு சரியாக இருந்தும் ஒரு கவசம் மூத்தவனின் நெற்றியில் கால் மணி நேரத்தில் சிவந்த தழும்பைப் பதித்தது. அத்தகைய கவசம் நாளடைவில் தலைவலியைத் தரும். தலைவலி தருவது டேங்கின் மீது போய் உட்கார்ந்துகொள்ளும். எனவே கடையிலேயே பதினைந்து இருபது நிமிடம் அணிந்திருந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஏலக்காய்க்காரர் நாம் கடித்துப் பார்ப்பதற்கு முகம் சுளிப்பதில்லை.

புதிய கவசம் கன்னத்தைச் சற்றே இறுக்கிப் பிடிக்க வேண்டும். பஞ்சு பழகப் பழகத் தளரும். வாரைப் பூட்டிக்கொண்டு தலையை இடம் வலமாக ஆட்டினால் கவசம் தனியே சுழலக்கூடாது, நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பார்க்கும்போது அது கழன்று வந்தால், அன்று போடிமெட்டு இறக்கத்தில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். தாடைக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது.

கவசத்தின் உயிர் வெளியே மினுங்கும் ஓட்டில் மட்டும் இல்லை. உள்ளே தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்த, ஆனால் அதைவிட அடர்ந்த ஒரு நுரைப் படலம் இருக்கிறது. ஓடு அடியைப் பரப்புகிறது. நுரை தான் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைச் சில மில்லி விநாடிகள் நீட்டிக்கிறது. அந்தச் சில மில்லி விநாடிகள்தாம் மூளைக்கு வேண்டியவை. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் விரியாது. ஆகவே விபத்தைக் கண்ட கவசம் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் ஓய்வு பெற்றாக வேண்டும். அடிபடாததையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம்.

இந்த அறிவுக்குப் பின்னாலும் ஒரு மரணம் இருக்கிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். தலையில் கவசம் இல்லை. அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை நிபுணர் ஹ்யூ கேர்ன்ஸ், பின்னர் இராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கவசத்தின் பயனை எழுதினார். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் மரண அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்கிறது.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் தலைக்கவசம் மறுபடியும் கண்டிப்பாக்கப்பட்டது. எங்கள் வீட்டுக்கு அது ஓராண்டு பிந்தி வந்த ஆணை. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ். 4151 தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத கவசத்தை நாட்டில் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. முத்திரையை ஒட்டுவது எளிது என்பதால், அதன் கீழுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்த்துக்கொள்கிறோம்.

மலைச்சரிவுக்கென்று சில தேவைகளும் உண்டு. கறுப்புக் கண்ணாடி கீழே பகலில் அழகு. மேலே மூடுபனியில் அது குருட்டுத்தனம். நிறமற்ற முகக்கண்ணாடியே எங்கள் தேர்வு. ஏற ஏறக் குளிரில் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும்; ஒரு விரல் அளவு திறந்துவிட்டால் தெளியும். காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் வசதி இருந்தால், சித்திரை வெயிலுக்கும் ஆடிக் குளிருக்கும் ஒரே கவசம் போதும். கழற்றித் துவைக்கக்கூடிய உள்துணி, எண்ணெய் தேய்க்கும் நம் தலைகளுக்கு அவசியம்.

சித்தப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. எங்கள் பின்னால்தான் வருகிறார். பின்னிருக்கைக்கும் கவசம் வேண்டும் என்று அவர் தலையைச் சுற்றி நாடாவை ஓட்டியபோது சிரித்தார். "என்னடா, தலைக்கும் சல்லடை வெச்சிருக்கீங்களா?" என்றார். ஐம்பத்தெட்டு. அவருக்கு அளவெடுத்து வாங்கிய முதல் தலைக்கவசம் அது.

கடைக்கு இன்னும் போகிறார். சல்லடையைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், காயைக் குலுக்கி ஓசை கேட்கிறார். பிறகு பிளந்த ஒரு காயை எங்கள் மூக்கருகே நீட்டி, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்கிறார். நாங்கள் சொல்கிறோம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்கிறார்.